கையுறை ட்ரோப் ஆகாது: கார்ட்டூன் கதைவழக்குகளுக்குப் பெயர் வைக்கும்போது செய்யும் தவறுகள்

என்னிடம் ஒரு பழைய நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. அமெரிக்க, ஐரோப்பியக் கார்ட்டூன்களில் திரும்பத் திரும்ப வரும் சங்கதிகளைக் குறித்துவைக்க வாங்கியது. முதல் பக்கத்தின் முதல் வரி: "எல்லா மிருகத்துக்கும் வெள்ளைக் கையுறை." அதற்கு அடுத்த வரி: "மலை விளிம்பைத் தாண்டி ஓடிய பிறகும், கீழே பார்க்கிற வரைக்கும் விழுவதில்லை." இரண்டையும் ஒரே பட்டியலில் எழுதியதுதான் தவறு என்று புரிய எனக்குக் கொஞ்ச காலம் ஆயிற்று.

இரண்டாவது வரி ட்ரோப், அதாவது பல கதைகளில் திரும்பத் திரும்ப வந்து வேலை செய்கிற ஒரு கதைவழக்கு. 1949இல் சக் ஜோன்ஸ் இயக்கத்தில் வந்த முதல் ரோட் ரன்னர் படத்திலிருந்து, அந்தப் பறவையைத் துரத்தும் ஓநாய் போன்ற மிருகமான வைல் ஈ. கயோட்டி விழுந்துகொண்டே இருக்கிறது. ஆனால் சிரிப்பு விழுவதில் இல்லை. காலுக்குக் கீழே தரை இல்லை என்று நமக்குத் தெரிந்துவிட்டது, அதற்கு இன்னும் தெரியவில்லை. அந்த ஓரிரு நொடியில்தான் சிரிப்பு. பார்ப்பவரும் கதை சொல்பவரும் முன்கூட்டியே ஒத்துக்கொண்ட ஏற்பாடு அது. கதைக்குள் அதற்கு ஒரு வேலை இருக்கிறது. கையுறைக்கு அப்படி ஒரு வேலையும் இல்லை.

தமிழில் ட்ரோப் என்பதற்கு நிலைத்த சொல் இன்னும் வரவில்லை. புறநானூற்றுப் பாட்டின் அடியில் "துறை" என்று ஒரு குறிப்பு இருக்குமே, அது ஓரளவு நெருங்கி வருகிறது. திரும்பத் திரும்ப வரும் ஒரு சூழலுக்கு வைத்த பெயர். இருந்தாலும் இங்கே ட்ரோப் என்றே எழுதுகிறேன். இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் வாயில் வருவது அதுதான்.

சிக்கனத்தைக் கதை என்று நினைப்பது

அதிகம் பேர் சறுக்கும் இடம் இது. யோகி கரடி சட்டை போடாமல் காலரும் டையும் மட்டும் ஏன் போட்டிருக்கிறது? "நாகரிக மிருகம்" என்று ஒரு ட்ரோப் எழுதிவிடத் தோன்றும். உண்மையான காரணம் வரைபவரின் மேசையில் இருக்கிறது. ஹன்னா-பார்பெரா நிறுவனம் தொலைக்காட்சிக்குக் குறைந்த செலவில் வேகமாகப் படம் எடுத்தது. கழுத்தில் காலர் இருந்தால் உடம்பை அப்படியே வைத்துக்கொண்டு தலையை மட்டும் மாற்றி வரையலாம், ஒட்டு தெரியாது. 1960இல் தொடங்கிய ஃபிளின்ட்ஸ்டோன்ஸில் வீட்டுக்குள் ஓடும்போது அதே ஜன்னலும் அதே விளக்கும் திரும்பத் திரும்பக் கடந்து போவதும் இதே கணக்குத்தான்.

இன்னொன்று எல்லோரும் சின்ன வயதில் கண்டுபிடித்தது: மலையில் எந்தப் பாறை உருளப்போகிறது என்று முன்பே தெரிந்துவிடும், அது மட்டும் வெளிறிய நிறத்தில் இருக்கும். பின்னணியை ஓர் ஓவியர் நிழலும் வெளிச்சமுமாகத் தீட்டியிருப்பார். அசைய வேண்டிய பொருளைத் தனியாக செல்லுலாய்ட் தாளில் தட்டையான வண்ணத்தில் வரைந்து மேலே வைப்பார்கள். இரண்டும் ஒட்டாது. அவ்வளவுதான்.

ஆனால் இதுவே ட்ரோப்பாக மாறும் தருணம் உண்டு. 1993இல் வந்த சிம்ப்சன்ஸ் பகுதி ஒன்றில், ஒரு கார்ட்டூன் நிறுவன முதலாளி நடைபாதையில் நடந்துகொண்டே, செலவைக் குறைக்க ஒரே பின்னணியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறோம் என்று விளக்குவார். அவர் பேசப் பேசப் பின்னால் அதே தண்ணீர்க் குழாயும் அதே துப்புரவுப் பெண்ணும் கடந்துகொண்டே இருப்பார்கள். சிக்கனம் இங்கே நகைச்சுவையாகிவிட்டது, அதற்குக் கதையில் வேலை வந்துவிட்டது. ஆக, "திரும்பும் பின்னணி" ட்ரோப்பா என்று கேட்டால், எந்தப் படத்தில் என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

தணிக்கையும் இதே மாதிரி ஏமாற்றும். 1980களின் ராணுவக் கார்ட்டூன் ஜி.ஐ. ஜோவில் விமானம் வெடிக்கும். உள்ளே இருந்தவர் தவறாமல் பாராசூட்டில் இறங்குவார். அதைக் கதாசிரியரின் கருணை என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். குழந்தைகள் நிகழ்ச்சியில் மரணம் காட்டக் கூடாது என்ற ஒளிபரப்பாளர்களின் கட்டுப்பாடு அது. வில்லன்கள் "கொல்" என்று சொல்லாமல் "அழி" என்று சொல்வதும் அங்கிருந்து வந்ததுதான். அதுபோல, சிம்ப்சன்ஸில் 1989 முதல் அந்த வீட்டுப் பையன் பார்ட்டுக்குப் பத்து வயதுதான். ஒவ்வொரு கதையும் முடிந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடுவதில் ஒரு வியாபார வசதி இருக்கிறது: மறுஒளிபரப்புக்கு விற்கும்போது எந்தப் பகுதியை எந்த வரிசையில் போட்டாலும் குழப்பம் வராது. இதைக் கதைவழக்காகவும் சொல்லலாம், தவறில்லை. காரணத்தையும் சேர்த்து எழுதினால் சரி.

ஒரே வீட்டுக் கணக்கு

ஒரு முறை வந்தால் நிகழ்ச்சி, பல முறை வந்தால் ட்ரோப். இதுவரை யாருக்கும் சண்டை இல்லை. எங்கே பல முறை என்பதில்தான் பிசகு. 1969இல் ஸ்கூபி-டூ வெற்றி பெற்றது. அப்புறம் ஹன்னா-பார்பெராவே 1970இல் ஜோசி அண்ட் த புஸ்ஸிகேட்ஸ், 1971இல் ஃபங்கி ஃபேண்டம், 1973இல் ஸ்பீட் பக்கி, 1976இல் ஜாபர்ஜா என்று வரிசையாக இறக்கியது. இளைஞர் கூட்டம், கூடவே ஒரு விசித்திரத் துணை (நாய், ஆவி, பேசும் கார், சுறா), ஊருக்கு ஊர் மர்மம். இந்த ஐந்தையும் ஐந்து சான்றாக எண்ணிக்கொண்டு "பாருங்கள், எங்கும் இருக்கிறது" என்று சொன்னால் அது ஒரே அச்சில் வார்த்த இட்லியைத் தனித்தனி ஊர்ப் பலகாரமாக எண்ணுவது. ஒரே நிறுவனம் தன் பழைய வெற்றியை நகலெடுப்பதற்கு ஃபார்முலா என்று பெயர். வேறு நிறுவனம், வேறு ஆட்கள், வேறு தலைமுறை அதைக் கையில் எடுக்கும்போதுதான் கணக்கு ஏறும்.

முகமூடியை மட்டும் பார்ப்பது

அதே ஸ்கூபி-டூவில் ட்ரோப் எது? கேட்டவுடன் "முகமூடியைக் கழற்றுவது" என்பார்கள். முகமூடி ஒரு பொருள். அதை எடுத்துவிட்டு, ஒலிபெருக்கியும் கண்ணாடியும் வைத்து ஒருவர் பேய் காட்டினாலும் கதை அப்படியே நிற்கும். எதை எடுத்தால் கதை சரிந்துவிடுமோ அதைத்தான் பெயருக்குள் கொண்டுவர வேண்டும்: பேய் என்று பயந்தது கடைசியில் காசுக்கு ஆசைப்பட்ட மனிதன். நிலத்தை மலிவாக வாங்க வேண்டும், புதையலை யாரும் நெருங்கக் கூடாது, ஏதோ ஒன்று.

ரொம்ப விரித்தாலும் கெட்டுவிடும். "மர்மம் கடைசியில் விடுபடும்" என்று எழுதினால் உலகத்துத் துப்பறியும் கதை முழுக்க உள்ளே வந்துவிடும். ரொம்பச் சுருக்கி, "பெரிய நாய் இருக்கும் கூட்டம் பாழடைந்த மாளிகையில் தோட்டக்காரரைப் பிடிப்பது" என்றால் அது அந்த வாரத்துக் கதைச் சுருக்கம்.

இங்கே இன்னொரு பிழை சேர்ந்துகொள்ளும். 1998இல் வந்த ஸோம்பி தீவுப் படத்தில் ஸ்கூபி கூட்டம் ஒரு ஸோம்பியின் முகத்தைப் பிடித்து இழுக்கிறது. முகமூடி இல்லை, நிஜ ஸோம்பி. "ஆகவே அந்த ட்ரோப் இதில் இல்லை" என்று சிலர் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள். எனக்கென்னவோ அதைவிட நல்ல சான்று கிடையாது என்று தோன்றுகிறது. அந்தக் காட்சி நம்மைத் தூக்கிப் போடுவதே, முப்பது வருடமாக முகமூடியை எதிர்பார்த்துப் பழகியதால்தான். தலைகீழாக்கியதை "தலைகீழ்" என்று குறித்து அதே பதிவில் வைக்க வேண்டும்.

அப்புறம், "இதை முதலில் செய்தது ஸ்கூபிதான்" என்று தயவுசெய்து எழுதாதீர்கள். பேய்க்கு மனிதக் காரணம் காட்டி முடிப்பதை 1790களிலேயே இங்கிலாந்தில் ஆன் ராட்கிளிஃப் தன் நாவல்களில் செய்துவிட்டார். தோளில் ஒரு பக்கம் தேவதையும் மறு பக்கம் குட்டிச்சாத்தானும் உட்கார்ந்து வாதாடுவதும் டிஸ்னியின் கண்டுபிடிப்பு கிடையாது. ஆங்கில நாடகாசிரியர் மார்லோவின் டாக்டர் ஃபாஸ்டஸ் நாடகத்தில் நல்ல தேவதையும் கெட்ட தேவதையும் மேடையிலேயே வந்து பேசுகின்றன. கார்ட்டூன் செய்தது அளவைச் சுருக்கித் தோளில் ஏற்றி வைத்ததுதான்.

ஆள் பெயரை வைப்பது

பாரி மகளிர் பாடிய "அற்றைத் திங்கள்" பாட்டுக்குத் துறை கையறுநிலை. வேறு மன்னர்களை இழந்து மற்றவர்கள் பாடியதற்கும் அதே பெயர்தான். யாரும் அதற்குப் "பாரிநிலை" என்று பெயர் வைக்கவில்லை. வைத்திருந்தால் பாரியைத் தெரியாதவருக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. கார்ட்டூன் ரசிகர்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் அவசரக்காரர்கள்.

நெட் ஃபிளாண்டர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். சிம்ப்சன்ஸின் தொடக்கத்தில் அவர் குடும்பத் தலைவர் ஹோமருக்குப் பொறாமை மூட்டுகிற நல்ல பக்கத்து வீட்டுக்காரர். பக்தி அவருடைய பல குணங்களில் ஒன்று. வருடங்கள் போகப் போக அந்த ஒன்று வளர்ந்து மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. இதற்கு ரசிகர்கள் வைத்த பெயர் ஃபிளாண்டரைசேஷன். பெயர் பிரபலமானது, பொருள் நழுவியது. இன்று ஒரு பாத்திரம் எப்படி மாறினாலும் இதையே சொல்கிறார்கள். அவதார்: த லாஸ்ட் ஏர்பெண்டரில் இளவரசன் சுக்கோ கோபக்காரனாகத் தொடங்கி மெல்ல மனம் மாறி எதிரணியோடு சேர்கிறான், அது வளர்ச்சி, இதற்கு நேர் எதிர். "ஒரு குணம் ஆளையே விழுங்குவது" என்று பெயர் இருந்திருந்தால் இந்தக் குழப்பம் வந்திருக்காது.

ஸ்மர்ஃபெட் கதை சற்று வேறு. பெல்ஜியத்தின் பேயோ 1958இல் படைத்த ஸ்மர்ஃப் என்ற நீலக் குள்ளர்களில் நெடுங்காலம் இவள்தான் ஒரே பெண், அவளையும் 1966இல் வில்லன் கார்கமெல்தான் உருவாக்கி அனுப்புகிறான். 1991இல் கேத்தா பாலிட் என்ற அமெரிக்க எழுத்தாளர், ஆண்கள் கூட்டத்தில் ஒரே ஒரு பெண்ணை வைத்து, பெண் என்பதையே அவளுடைய குணமாக ஆக்கிவிடும் பழக்கத்துக்கு ஸ்மர்ஃபெட் விதி என்று பெயரிட்டார். ஆள் பெயராக இருந்தும் இது நிலைத்ததற்குக் காரணம் உண்டு. மற்றவர்களுக்குச் சோம்பேறி, முணுமுணுப்பான், மூக்குக்கண்ணாடிக்காரன் என்று ஆளுக்கொரு குணம், இவளுக்குப் பெண் என்பது மட்டுமே. உதாரணமே விளக்கமாகிவிட்டது. வெறுமனே தலையை எண்ணி "ஒரு பெண்தான் இருக்கிறாள், ஸ்மர்ஃபெட்" என்று ஒட்டுவது அந்த இரண்டாம் பாதியை மறப்பது.

ஸ்க்ராப்பி-டூதான் மோசமான உதாரணம். 1979இல் ஸ்கூபியின் அண்ணன் மகனோ தங்கை மகனோ என்கிற உறவில் வந்து சேர்ந்த குட்டி நாய். பின்னாளில் ரசிகர்களுக்குப் பிடிக்காத பாத்திரம் எதுவானாலும் "ஸ்க்ராப்பி" என்று அழைக்கத் தொடங்கினார்கள். பிடிக்கவில்லை என்பது பார்ப்பவரின் எதிர்வினை, கதைக்குள் இருக்கும் பொருள் கிடையாது. வேடிக்கை என்னவென்றால், வந்த காலத்தில் அந்தக் குட்டி தொடரின் பார்வையாளர்களைக் கூட்டியது. அதில் ட்ரோப் என்று ஒன்றைத் தேடினால், "தேயும் தொடருக்கு ஒரு வாண்டைக் கொண்டுவருவது" என்று எழுதலாம்.

படைத்தவர் சொன்னால் வேதம்?

சக் ஜோன்ஸ், ரோட் ரன்னர் படங்களுக்கான விதிகள் என்று ஒரு பட்டியலைப் பின்னாளில் வெளியிட்டார். கயோட்டிக்கு அதன் அசட்டுத்தனத்தாலோ அது வாங்குகிற ஆக்மி என்ற கற்பனை நிறுவனத்தின் பொருள் பழுதாவதாலோ மட்டுமே அடிபட வேண்டும், வெளிச் சக்தி எதுவும் தீங்கு செய்யக் கூடாது என்பது அதில் ஒன்று. அருமையான பட்டியல், ஆளாளுக்கு அதை எடுத்துப் போடுகிறார்கள். ஆனால் படங்களைப் போட்டுப் பாருங்கள்: எங்கிருந்தோ வந்த லாரியும் ரயிலும் கயோட்டியை எத்தனை தடவை அடித்துவிட்டுப் போகின்றன! அந்தப் படங்களுக்குக் கதை எழுதிய மைக்கேல் மால்டீஸே இப்படி விதிகள் இருந்ததைக் கேள்விப்பட்டதில்லை என்று பேட்டியில் சொல்லியிருக்கிறார். படம்தான் சாட்சி, நினைவுக் குறிப்பு இரண்டாம் சாட்சி.

சாதுவான பெயர்

இதைச் சொல்லத்தான் கொஞ்சம் தயக்கம். பழைய டாம் அண்ட் ஜெர்ரியில் ஏதாவது வெடிக்கும், டாமின் முகம் கரியாகும், உதடு பெரிதாகத் தெரியும், தலையில் சின்னச் சின்னக் குடுமிகள் நிற்கும். என் நோட்டில் அதைக் "கரி பூசிய முகம்" என்று எழுதியிருந்தேன். தீபாவளியில் புஸ்வாணம் வெடித்த கதை மாதிரி. அந்தச் சிரிப்பு வந்த இடம் வேறு. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் வெள்ளையர்கள் எரித்த தக்கைக் கரியை முகத்தில் பூசிக்கொண்டு கறுப்பின மக்களைக் கேலி செய்து ஆடிய மின்ஸ்ட்ரல் மேடை அது. அங்கே வளர்ந்தவர்களுக்கு அந்த முகம் யாரைக் குறிக்கிறது என்று உடனே தெரியும். இங்கே பார்த்துச் சிரித்த நமக்குத் தெரியவில்லை. இதே காரணத்துக்காகத்தான் 1968இல் வார்னர் பிரதர்ஸின் பழைய படங்களில் பதினொன்றை, அப்போது உரிமை வைத்திருந்த யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் தொலைக்காட்சிக்குத் தராமல் நிறுத்தியது. பெயர் வைக்கும்போது "மின்ஸ்ட்ரல் முகம்" என்று வைத்துவிடுவதே நேர்மை.

இந்த இடத்தில் என் முதல் வரிக்கே திரும்ப வேண்டியதாயிற்று. மிக்கி மௌஸுக்குக் கையுறை வந்தது 1929இல். கறுப்பு வெள்ளைப் படத்தில் கறுப்பு உடம்புக்கு முன்னால் கறுப்புக் கை தெரியாது என்பது வழக்கமாகச் சொல்லும் காரணம், அது சரிதான். ஆனால் மின்ஸ்ட்ரல் ஆட்டக்காரர்களும் வெள்ளைக் கையுறை போட்டார்கள், அன்றைய கார்ட்டூன் பாத்திரங்களின் தோற்றம் அந்த மேடைக்குக் கடன்பட்டது என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். கை தெரிவதற்காக என்று ஒரே காரணத்தோடு மூடியது என்னுடைய இன்னொரு தவறு. இப்போது அந்த வரியை அடிக்காமல், பக்கத்தில் இரண்டு காரணத்தையும் எழுதி வைத்திருக்கிறேன்.

கயோட்டி வரிக்கு மட்டும் பெயர் ரொம்ப நாள் அமையவில்லை. "தாமதப் புவியீர்ப்பு" என்று எழுதி, பாடப்புத்தக வாடை அடிக்கிறது என்று அடித்தேன். ஒரு நாள் அக்கா மகன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். கயோட்டி விளிம்பைத் தாண்டியதும், "குனியாதடா, குனிஞ்சா விழுந்துடுவ!" என்று கத்தினான். நோட்டில் இப்போது "குனிந்தால் விழும்" என்றிருக்கிறது.