மாதிரி ரயில் தளத்தில் தண்டவாள இரைச்சலைக் குறைக்கும் முறை

மேசை மீது ஓடும் சிறு ரயிலின் இரைச்சலில் பெரும்பங்கு ரயிலிலிருந்து நேரடியாக வருவதில்லை. அடியிலுள்ள பலகையிலிருந்து வருகிறது. வீணைத் தந்தியைத் தனியே இழுத்துக் கட்டி மீட்டினால் பக்கத்தில் இருப்பவருக்கே சரியாகக் கேட்காது. அதே தந்தி குதிரையின் வழியாகக் குடத்தின் மேற்பலகையை அதிரச் செய்யும்போதுதான் நாதம் கூடம் முழுவதும் பரவுகிறது. ப்ளைவுட் மீது ஆணியடித்துப் பொருத்திய தண்டவாளத்திலும் இதுவே நிகழ்கிறது. சக்கரத்தின் சிறு அதிர்வு தண்டவாளம், அதைத் தாங்கும் குறுக்குக் கட்டையான ஸ்லீப்பர், ஆணி என்று இறங்கிப் பலகையை அடைகிறது. அகன்ற பலகை அதைப் பல மடங்காக்கி அறைக்குள் அனுப்புகிறது. ஆகவே நாம் செய்ய வேண்டியது, இந்த வழியில் கெட்டியான பொருள் தொடர்ச்சியாக அமையாதபடி பார்த்துக்கொள்வதே.

வேலையைத் தொடங்குமுன் எஞ்சினின் சத்தத்தைத் தனியே சோதித்துக்கொள்ளுங்கள். எஞ்சினை ஒரு பஞ்சுத் துண்டின் மீது தலைகீழாகப் படுக்க வைத்து, இரண்டு கம்பிகளால் இருபக்கச் சக்கரங்களுக்கும் மின்சாரம் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். அப்போதும் கரகரவென்று கத்தினால் குறை பற்சக்கரங்களில் இருக்கிறது. சுத்தம் செய்து, பிளாஸ்டிக்கைப் பாதிக்காத எண்ணெயைச் சிறு துளி இட்டால் போதும். அங்கே அமைதியாகவும் தளத்தில் சத்தமாகவும் ஓடினால் பலகையைக் கவனிக்க வேண்டும்.

பலகைக்கு 12 மி.மீ. ப்ளைவுட் நல்ல தேர்வு. அதன் அடியில் சுமார் 40 செ.மீ. இடைவெளியில் குறுக்குச் சட்டங்கள் இருக்க வேண்டும். ஆதாரமில்லாத அகன்ற பரப்பு பறையின் தோல்போல அதிரும். அடிப்பக்கத்தை இன்னொரு பலகையால் மூடிவிடாதீர்கள், அது தளத்தை வெற்றுப் பெட்டியாக்கிவிடும். ஏற்கெனவே கட்டி முடித்த தளமாக இருந்தால், கார் கதவுகளுக்குள் ஒட்டும் பிட்டுமென் அல்லது பியூட்டைல் தகடுகளை வாங்கி, விரல் மடக்கித் தட்டும்போது ‘டொம்’ என்று ஒலிக்கும் இடங்களில் அடியிலிருந்து ஒட்டலாம்.

அடுத்தது தண்டவாளத்தின் கீழே விரிக்கும் படுகை. ஹெச்.ஓ. (HO) எனப்படும் 1:87 மாதிரி அளவுக்கு 5 மி.மீ., அதைவிடச் சிறிய ‘என்’ (N) எனும் மாதிரி அளவுக்கு 3 மி.மீ. தடிமனுள்ள கார்க் தக்கையைத்தான் பெரும்பாலோர் பயன்படுத்துகிறார்கள். தக்கை மட்டும் போதும் என்று நான் நினைக்கவில்லை. பலகைக்கும் தக்கைக்கும் நடுவே 3 மி.மீ. ஈ.வி.ஏ. ஃபோம் (ரப்பர்போல் வளையும் நுரைத் தகடு) ஒரு அடுக்கு விரித்தால் வேறுபாடு காதுக்கே தெரியும். இதற்கு மெத்தைப் பஞ்சு போன்ற மிக மிருதுவான பொருளைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. எஞ்சினின் எடையில் தண்டவாளம் அமுங்கி எழுந்து, இணைப்புகள் நாளடைவில் தளர்ந்துவிடும்.

இனி வருவதுதான் பலர் தவறவிடும் இடம். என் முதல் ஹெச்.ஓ. தளத்தில் தக்கையை ஒட்டி, ரயிலை ஓட்டிப் பார்த்து, அமைதியாக இருக்கிறதே என்று மகிழ்ந்தேன். பிறகு ஜல்லி பரப்பி, தச்சு வேலைக்கான வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். பசை நன்றாகக் காய்ந்தபின் ஓட்டியபோது பழைய இரைச்சல் அப்படியே திரும்பியிருந்தது. ஓரத்தில் ஒரு துண்டைப் பெயர்த்துப் பார்த்தேன்: கடலை மிட்டாய்போல இறுகிய ஜல்லி, ஸ்லீப்பரிலிருந்து தக்கையின் சரிவு வழியாக இறங்கிப் பலகை வரை ஒரே கட்டியாக நின்றது. தக்கை நடுவில் இருந்தும், அதிர்வு அதைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது.

இதைத் தவிர்க்க இரண்டு காரியங்கள் செய்ய வேண்டும். முதலாவது, ஃபோமை ஜல்லிச் சரிவின் அடிவிளிம்பைவிட இருபுறமும் சற்று அகலமாக வெட்டி, ஒரு கல்கூடப் பலகையைத் தொடாதபடி செய்வது. ஹெச்.ஓ. ஸ்லீப்பரின் நீளம் ஏறத்தாழ 30 மி.மீ.; அதற்கு நான் 70 மி.மீ. அகலத்தில் ஃபோம் வெட்டுகிறேன். இரண்டாவது, காய்ந்தபின்னும் ரப்பர்போல வளையும் பசையைத் தேர்ந்தெடுப்பது. ஜல்லிக்குக் கம்பளம் ஒட்டும் லேடெக்ஸ் பசையைத் தண்ணீரில் கரைத்துப் பயன்படுத்தலாம்; பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் ஒரு துளி கலந்த நீரை முதலில் தெளித்துவிட்டால் கரைசல் கற்களுக்குள் எளிதாக இறங்கும். படுகையையும் தண்டவாளத்தையும் ஒட்ட, இடுக்குகளை அடைக்கப் பயன்படும் அக்ரிலிக் சீலன்ட் போதும். தகட்டால் இழுத்து மெல்லிய படலமாகப் பரப்ப வேண்டும். காடி வாடை அடிக்கும் சிலிக்கோன் சீலன்ட் உலரும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிட்டுச் செம்புக் கலவை உலோகங்களை அரிக்கக்கூடும் என்பதால் அது வேண்டாம்.

சீலன்ட் உலரும்வரை தண்டவாளத்தை நிறுத்த ஆணியோ திருகாணியோ இட்டிருந்தால், உலர்ந்ததும் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள். விட்டுப்போன ஒரே ஓர் ஆணியும் அந்த இடத்தில் அதிர்வைப் பலகைக்குக் கடத்தும்; ரயில் அதைக் கடக்கும்போது ஒலி மாறுவதை வைத்தே ஆணி இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

பிளாஸ்டிக் படுகையோடு சேர்ந்து வரும் தண்டவாளங்களில் அடிப்புறம் பெரும்பாலும் குழிவாக இருக்கும். அந்த வெற்றிடத்தை ஃபோம் துண்டுகளால் நிரப்பி, முழு வரிசையையும் ஃபோம் விரிப்பின் மீது வைத்தால் போதும். பலகையோடு திருகாணியால் இறுக்க வேண்டியதில்லை.

இணைப்புகளில் தண்டவாள முனைகள் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று நகத்தை ஓட்டிப் பார்த்து, தடுக்கும் இடத்தை மெல்லிய அரத்தால் தேய்த்துச் சமப்படுத்துங்கள். ஆனால் எல்லா ‘தடக் தடக்’ ஒலியையும் அழித்துவிட வேண்டாம் என்பது என் கருத்து. பலகையின் உறுமல் அடங்கிய தளத்தில்தான் அந்த ஒலி தெளிவாகக் கேட்கும். இந்திய ரயில்வேயில் முன்பு வழக்கமாக இருந்த 13 மீட்டர் தண்டவாளம் ஹெச்.ஓ. அளவில் ஏறக்குறைய 15 செ.மீ. ஆகும், நகைத் தொழிலாளர் வைத்திருக்கும் மெல்லிய ரம்பத்தால் அந்த இடைவெளியில் தண்டவாளத்தின் மேற்பரப்பில் மயிரிழை ஆழத்துக்குக் கீறல் இட்டு, பிசிறை அரத்தால் நீக்கிவிட்டால், பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்கும்போது பழைய பாதையின் தாளம் அப்படியே கேட்கும்.