சொத்துச் சட்டப் பக்கம் வரும் ஜூனியர் வக்கீல்கள் செய்யக்கூடாத தவறுகள்

ரியல் எஸ்டேட், கட்டுமானம் என்று பிராக்டிஸை அமைத்துக்கொள்ள நினைக்கும் ஜூனியர்களுக்கு முதலில் கைக்கு வருவது பெரும்பாலும் லீகல் ஒப்பீனியன், அதாவது பத்திரங்களைப் பார்த்து சொத்தின் உரிமை சரியாக இருக்கிறதா என்று எழுதிக் கொடுக்கும் வேலைதான். அதிகம் சறுக்குவதும் அங்கேதான். கட்சிக்காரர் கொடுத்த ஜெராக்ஸ்களைத் தேதி வாரியாக எழுதி, ஈசியில் (வில்லங்கச் சான்றில்) வில்லங்கம் இல்லை, டைட்டில் கிளியர் என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

ஈசி என்பது நீங்கள் கேட்ட சர்வே எண்ணுக்கு, கேட்ட காலத்துக்கு, பதிவான ஆவணங்களை மட்டும் காட்டும். பட்டாவில் 120/2ஏ1 என்று இருக்கும், ஆனால் 1980-களில் யூடிஆர் என்ற நில ஆவணப் புதுப்பிப்பு முடிவதற்கு முன்னால் அதே நிலத்துக்கு வேறு எண் இருந்திருக்கலாம். புது எண்ணுக்கு மட்டும் ஈசி போட்டால் பழைய எண்ணில் பதிவான பாகப்பிரிவினையோ அடமானமோ கண்ணிலேயே படாது. தாய்ப்பத்திரத்தின் சொத்து விவரத்தையும் நான்கெல்லையையும் எஃப்எம்பி (சர்வே துறையின் புல வரைபடம்) வரைபடத்தோடு வைத்துப் பாருங்கள், பழைய எண்ணுக்கும் ஈசி போடுங்கள். ஒரிஜினல் பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் ஒப்பீனியன் கொடுக்கவே வேண்டாம், ஏனென்றால் பதிவு செய்யாமல் பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் வாங்கியிருந்தால் அது ஈசியில் வராது. நிலுவையில் உள்ள வழக்கும் பெரும்பாலும் அதில் தெரியாது.

அடுத்தது பெண் வாரிசுகள். 1996-ல் அண்ணன் தம்பிகள் மட்டும் பூர்வீகச் சொத்தைப் பிரித்துப் பதிவு செய்த பாகப்பிரிவினை வருகிறது என்று வையுங்கள். 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவானதால் மகள்களுக்குச் சம உரிமை தந்த இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தம் இதைத் தொடாது என்று பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால் தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25-லேயே மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் உரிமை வந்துவிட்டது, அந்தத் தேதிக்கு முன் திருமணமானவர்களுக்குத்தான் அது இல்லை. ஆகவே வாரிசுச் சான்றோடு நிறுத்தாமல் சகோதரிகளின் கல்யாணத் தேதியையும் கேளுங்கள், வீட்டில் சங்கடப்பட்டாலும் பரவாயில்லை.

பவர் பத்திரத்தின் பேரில் விற்பனை நடந்திருந்தால், கிரயத் தேதியில் பவர் கொடுத்தவர் உயிரோடு இருந்தாரா என்று பாருங்கள். வெறும் பவரும் ஒப்பந்தமும் வைத்துக்கொண்டு சொத்து கைமாறியதாகச் சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் சூரஜ் லேம்ப் வழக்கிலேயே சொல்லிவிட்டது.

ஒப்பீனியன் தவறாகப் போனாலே வக்கீல் மீது கிரிமினல் வழக்கு பாயாது, மோசடியில் பங்கு இருந்ததாகக் காட்ட வேண்டும் என்று 2012-ல் நாராயண ராவ் வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. சரி, அதை நம்பி அலட்சியமாக இருக்கலாமா? கூடவே கூடாது. உங்கள் கையெழுத்தை நம்பித்தான் ஒரு குடும்பம் ஆயுள் சேமிப்பையே போடுகிறது. அதே காரணத்துக்காகத்தான் சொல்கிறேன், வாங்கிவிட்டால் இத்தனை சதவீதம் கமிஷன் என்று யாராவது பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். கிரயம் முடிந்தால்தான் பணம் என்றால் குறை உங்கள் கண்ணுக்குத் தெரியாது.

ரேரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) வழக்குகளில் கோரிக்கையைப் பிரிக்காமல் மொத்தமாக மனு போடுவது வழக்கமான தவறு. வீடு தாமதமானதற்குப் பணத்தைத் திருப்பிக் கேட்பதும் வட்டியும் ஆணையத்திடம், நஷ்டஈடு தீர்ப்பு அலுவலரிடம். 2021-ல் நியூடெக் வழக்கில் இது தெளிவாகிவிட்டது.

கட்டுமான ஒப்பந்தங்களில் பெரிய சிக்கல் காலம்தான். காண்ட்ராக்டர் தாமதமாக முடித்த வேலையை உரிமையாளர் ஏற்றுக்கொள்கிறார், அந்தச் சமயத்தில் நஷ்டஈடு கேட்பேன் என்று நோட்டீஸ் கொடுக்கவில்லை என்றால், ஒப்பந்தச் சட்டம் 55-வது பிரிவு பிறகு கேட்க விடாது. கட்சிக்காரர் உங்களிடம் வருவதே சண்டை முற்றிய பிறகுதான், ஆகவே கட்டட வேலை நடக்கும்போதே கடிதம் போடப் பழக்குங்கள். அப்புறம், ஆர்பிட்ரேஷன் அவார்டை (நடுவர் தீர்ப்பை) எதிர்க்க மூன்று மாதம், போதிய காரணம் காட்டினால் இன்னும் 30 நாள், அதைத் தாண்டி ஒரு நாள்கூட நீதிமன்றத்தால் மன்னிக்க முடியாது. கையெழுத்திட்ட அவார்டு நகல் கைக்கு வந்த தேதியை அன்றைக்கே ஃபைல் அட்டையில் எழுதிவிடுங்கள்.