ரோம இடிபாடுகளை வழிகாட்டியோடு நடந்து பார்ப்பது எப்படி: கோலாலம்பூரிலிருந்து போகிறவர்களுக்கு

கோலாலம்பூர் ஏஜெண்டுகள் தரும் ஐரோப்பா பேக்கேஜ் தாளில் கொலோசியத்துக்குப் பக்கத்தில் ‘போட்டோ ஸ்டாப்’ என்று போட்டிருந்தால், பஸ் நிற்கும், வெளியே நின்று படம் எடுக்கலாம், அவ்வளவுதான். உள்ளே போக ‘நுழைவுச்சீட்டு உட்பட’ என்று எழுத்தில் இருக்க வேண்டும். அது கொலோசியத்துக்கு மட்டுமா, பக்கத்தில் உள்ள பழைய நகர மையமான ரோமன் ஃபோரமும் பாலடைன் குன்றும் சேர்ந்ததா என்றும் கேளுங்கள். மூன்றையும் நடந்து பார்க்க மூன்று மணி நேரம் வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் முடிக்கிறோம் என்பவர்கள் ஃபோரத்தை மேட்டில் நின்று கைநீட்டிக் காட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். பேக்கேஜில் ஓய்வு நாள் ஒன்று இருந்தால், அன்று தனியாக ஒரு நடைச்சுற்றுலா பதிவு செய்துகொள்வதே மேல்.

சாதாரணச் சீட்டு 18 யூரோ. 24 மணி நேரம் செல்லும். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இலவசம், ஆனால் அவர்களுக்கும் பதிவு கட்டாயம். பயண நாளுக்கு 30 நாள் முன்பாகத்தான் அதிகாரபூர்வத் தளத்தில் விற்பனை திறக்கும். விலங்குகளை அடைத்து வைத்திருந்த கீழ்த்தளத்தைப் பார்க்கும் சீட்டுகள் மிக வேகமாகத் தீரும். அது வேண்டுமென்றால் விற்பனை திறக்கும் நாளிலேயே உட்கார்ந்து வாங்குங்கள்.

சீட்டில் பெயர் அச்சாகும். வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுவார்கள். நம்மவர்களுக்குச் சிக்கல் வருவது இங்கேதான். பாஸ்போர்ட்டில் இன்னாரின் மகன், மகள் என்று குறிக்கும் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’யின் சாய்கோட்டைப் பல தளங்களின் படிவங்கள் ஏற்பதில்லை. சாய்கோட்டை விட்டுவிட்டு, சொந்தப் பெயரை முதற்பெயர்க் கட்டத்திலும் தந்தை பெயரைக் குடும்பப்பெயர்க் கட்டத்திலும் போடுங்கள். வீட்டில் அனைவருக்கும் ஒரே முறையைப் பின்பற்றுங்கள். செல்லப் பெயர், சுருக்கப் பெயர் வேண்டாம். பாஸ்போர்ட்டை ஹோட்டலில் பூட்டிவிட்டுப் போகாதீர்கள்.

நேரத்தில் காலையின் முதல் சுற்றைப் பிடியுங்கள். கோடையில் ரோம் நமக்கு 6 மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் 7 மணி நேரம். முதல் சில நாட்கள் விடியுமுன்பே விழிப்பு வந்துவிடும். மதியம் மூன்று மணிக்குக் கண் சொக்கும். மாலைச் சுற்றை எடுத்தவர் பாதியில் கல்லில் உட்கார்ந்துவிடுவார். ஜூலை, ஆகஸ்டில் இன்னொரு ஆபத்து உண்டு. அந்த வெயில் நம் ஊர்ப் புழுக்கம் போன்றதல்ல, வறண்டது. வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் உடம்பில் நீர் குறைவது தெரியாது. தாகம் எடுக்காவிட்டாலும் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மடக்குக் குடியுங்கள். தண்ணீர் வாங்கத் தேவையில்லை. தெருவோர இரும்புக் குழாய்களில் குடிநீர் ஓடிக்கொண்டே இருக்கும். குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள சிறு துளை வழியே நீர் எழும்பும், அதில் குடிக்கலாம். கண்ணாடி பாட்டில், பெரிய முதுகுப்பை, சக்கரப் பெட்டி எதையும் கொலோசியத்துக்குள் விடமாட்டார்கள். வைத்துப் போக இடமும் கிடையாது.

காலணிதான் எல்லாவற்றையும் விட முக்கியம். ஃபோரத்தின் ‘வியா சாக்ரா’ சாலை பெரிய கருங்கற்களால் ஆனது. விளிம்பு மழுங்கி, இடைவெளி அகன்று கிடக்கும். மழை பெய்தால் வழுக்கும். சிலிப்பர் போட்டால் கணுக்கால் பிசகும். பிடிப்புள்ள ரப்பர் அடியோடு மூடிய காலணி வேண்டும். புதிதாக வாங்கியதை தித்திவங்சா ஏரியைச் சுற்றிச் சில நாள் நடந்து பழக்குங்கள். பத்துமலையின் 272 படிகளை இடையில் உட்காராமல் ஏறுபவருக்கு பாலடைன் ஏற்றம் பிரச்சினை இல்லை. முட்டிவலி உள்ள தாத்தா பாட்டிக்குக் கொலோசியத்தில் லிஃப்ட் உண்டு. பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.

குறித்த இடத்துக்கு அரை மணி நேரம் முன்னதாகப் போங்கள். ‘வரிசை இல்லை’ என்று விற்கும் சீட்டும் டிக்கெட் வரிசையைத்தான் தவிர்க்கும். பாதுகாப்புச் சோதனையில் எல்லோரும் நிற்க வேண்டும். வாசலில் கூவி அழைக்கும் தரகர்களைத் தாண்டிப் போங்கள். கிளாடியேட்டர் வேடம் போட்டவரோடு படம் எடுத்தால் பிறகு காசு கேட்பார். வழிகாட்டியின் பேச்சைக் கேட்கக் காதில் மாட்டும் ரேடியோ கரகரத்தால் வழிகாட்டியை விட்டுத் தூரம் வந்துவிட்டீர்கள் என்று பொருள்.

உள்ளே பலருக்கு ஏமாற்றம் வருவது, எல்லாம் உடைந்த கல்லாகத் தெரிவதால். ஏன் இப்படி ஆனது என்று கேட்டுக்கொண்டே நடந்தால் சுவை கூடும். கொலோசியத்தின் சுவரெங்கும் உள்ள ஓட்டைகள், கற்களைப் பிணைத்திருந்த இரும்புக் கவ்விகளை இடைக்காலத்தில் தோண்டி எடுத்த தடம். ஃபோரத்தில் அந்தோனினஸ்–ஃபாஸ்டினா கோவிலைத் தேடுங்கள். பிற்காலத்தில் தேவாலயமாக்கினார்கள், அதன் கதவு தரைக்கு மேலே உயரத்தில் தொங்குவது போல் இருக்கும். கதவு வைத்த காலத்தில் மண் அந்த உயரத்துக்கு மேடிட்டிருந்தது, பிறகு தோண்டி எடுத்தார்கள். செனட் கூடிய கியூரியா முழுசாக நிற்பதற்கும் காரணம், அது 7ஆம் நூற்றாண்டில் தேவாலயமானதுதான். தேவாலயமாகாதவற்றின் பளிங்கை எடுத்துச் சுண்ணாம்புக்குச் சுட்டார்கள்.

வழிகாட்டி தாமாகச் சொல்லாமல் விடக்கூடிய ஓர் இடத்தை நீங்களே கேளுங்கள்: ‘ஹோரியா பிப்பராட்டாரியா’. பேரரசர் டொமிஷியன் காலத்து மிளகுக் கிடங்கு. ஃபோரத்தில் உள்ள மாக்ஸென்டியஸ் பசிலிக்கா என்ற பெரிய மண்டபத்துக்கு அடியில் இருக்கிறது. அங்கே குவிந்த மிளகு, முசிறி போன்ற துறைமுகங்களில் கப்பலேறி எகிப்து வழியாகப் போனது. யவனக் கப்பல்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதாகச் சங்கப் பாட்டு சொல்வது இந்த வணிகத்தைத்தான்.

கடைசியாக ஒன்று. ஃபோரமும் பாலடைனும் ஒரே வளாகம், ஒரே நுழைவு. வெளியே கால் வைத்துவிட்டால் அதே சீட்டில் திரும்ப முடியாது. வழிகாட்டி ஃபோரத்தில் விடைபெற்றால், கூட்டத்தோடு கேபிடோலின் குன்றுப் பக்க வாசலால் இறங்கிவிடாதீர்கள். முதலில் பாலடைன் ஏறி, மேலிருந்து ஃபோரத்தின் அமைப்பைப் பார்த்துவிட்டுப் பிறகு வெளியேறுங்கள். உள்ளே கழிப்பறை குறைவு. கொலோசியத்தை விட்டுக் கிளம்பும்போதே போய்விடுங்கள்.