முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 காரின் கியர் பாக்ஸ் ஆயில்: எதை ஊற்றுவது, எப்படி மாற்றுவது

மாஸ்டா நிறுவனம் 1989 முதல் 1997 வரை தயாரித்த முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 காரின் ஐந்து வேக கியர் பாக்ஸ் உறுதியானது. ஆயினும் வண்டியைக் கிளப்பியதும் முதல் சில நிமிடங்களுக்கு இரண்டாம் கியர் விழ மறுத்து முரண்டு பிடிப்பது இந்தக் கார்களில் பரவலாகக் காணப்படுகிறது. இந்த முரண்டு கூடுவதும் குறைவதும் பெரும்பாலும் உள்ளே இருக்கும் ஆயிலைப் பொறுத்தது.

காரின் கையேட்டில் ஜிஎல்-4, ஜிஎல்-5 ஆகிய இரண்டு கியர் ஆயில் தரங்களுக்குமே அனுமதி உண்டு. என்றாலும் ஜிஎல்-4 ஆயிலையே நான் வலியுறுத்துவேன். கியர் மாறும்போது பித்தளையாலான சின்க்ரோமெஷ் வளையம் கியரின் கூம்பு முகத்தைப் பற்றி உரசி, இரண்டின் வேகத்தையும் சமப்படுத்திய பிறகே பற்கள் இணைகின்றன. ஆகவே அந்த இடத்தில் ஆயில் வழுக்கிவிடாமல் அளவான உராய்வை விட்டுவைக்க வேண்டும். ஜிஎல்-5 ஆயிலோ, பற்கள் ஒன்றின்மேல் ஒன்று கடும் அழுத்தத்தில் சறுக்கும் ஹைபாய்டு வகை டிஃபரன்ஷியலுக்காக (சக்கரங்களுக்கு விசையைப் பிரித்தனுப்பும் பகுதி) உருவானது. அதில் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மானம் ஜிஎல்-4 ஆயிலில் இருப்பதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு இருக்கும். அது வளையத்தின் பிடியைத் தளர்த்துவதோடு, சூடு ஏறும்போது பித்தளையை மெல்ல அரிக்கவும் கூடும். இன்றைய ஜிஎல்-5 ஆயில்கள் சிலவற்றில் இந்த அரிப்பு பெரிதும் அடக்கப்பட்டிருக்கிறது. பிடி தளரும் குறை அதனால் நீங்கிவிடாது. டப்பாவில் 'ஜிஎல்-4/ஜிஎல்-5' என இரண்டையும் சேர்த்து அச்சிட்டிருந்தால், உள்ளே இருப்பது ஜிஎல்-5 அளவுச் சேர்மானம் என்று கொள்வதே பாதுகாப்பு.

தடிமனைப் பொறுத்தவரை 75டபிள்யூ-90 எல்லாப் பருவங்களுக்கும் பொருந்தும். இந்த எண்ணைக் கண்டு, எஞ்சின் ஆயிலைவிட இது மிகக் கெட்டியானது என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். கியர் ஆயிலுக்கான அளவுகோல் வேறு. 100 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 90 எண் கொண்ட கியர் ஆயிலின் தடிமன் 40, 50 எண் எஞ்சின் ஆயில்களின் தடிமனை ஒட்டியே இருக்கும். குளிரில் எளிதாக ஓடும் செயற்கை ஆயில் காலை நேரத்து முரண்டைக் கண்கூடாகக் குறைக்கும் என்பதால், கூடுதல் விலை கொடுப்பதில் தவறில்லை. ரெட் லைன் நிறுவனத்தின் எம்டி-90 இந்த வகையைச் சேர்ந்தது.

கியர் பாக்ஸுக்கு 2 லிட்டர் ஆயில் தேவை. பழைய ஆயில் முழுமையாக வடிவதற்கு வண்டியைச் சிறிது தூரம் ஓட்டிச் சூடேற்றுங்கள். பிறகு நான்கு சக்கரங்களும் தரையை விட்டு எழும்படி வண்டியை ஜாக் ஸ்டாண்டுகளின் மேல் சமமட்டத்தில் நிறுத்துங்கள். முன்பக்கத்தை மட்டும் தூக்கினால் ஆயில் மட்டம் பிசகும். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் படுக்காதீர்கள்.

பக்கவாட்டில் உள்ள ஃபில்லர் பிளக்கைத்தான் (ஆயில் ஊற்றும் துளையின் மூடி) முதலில் தளர்த்த வேண்டும். பல ஆண்டுகள் திறக்கப்படாத பிளக் இறுகியிருக்கலாம். ஆயிலை வடித்துவிட்ட பிறகு இது திறக்க மறுத்தால், கியர் பாக்ஸ் காலியாக இருக்க, வண்டி நகர வழியின்றி நின்றுவிடும். உறை அலுமினியத்தால் ஆனது என்பதால், தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஆறுமுக சாக்கெட்டால் நிதானமாகத் திருகுங்கள். அதன்பின் அடியிலுள்ள டிரெயின் பிளக்கை (ஆயில் வடிக்கும் துளையின் மூடி) திறந்து, சொட்டுவது நிற்கும்வரை பொறுத்திருங்கள். பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிற மெழுகுபோலப் படிந்திருப்பது வழக்கமான தேய்மானமே. விரலில் நெருடும் உலோகச் சில்லுகளோ, ஆயிலில் மின்னும் பித்தளைத் துகள்களோ ஏராளமாகத் தென்பட்டால் பழுது உள்ளே இருக்கிறது. ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

டிரெயின் பிளக்கைத் துடைத்து, புது வாஷர் போட்டு, கையேடு சொல்லும் அளவுக்கு முறுக்குங்கள். அடியில் டப்பாவைச் சாய்க்க இடம் போதாது. ஆகவே கைப் பம்பாலோ, எஞ்சின் அறையிலிருந்து புனல் வைத்து இறக்கிய நீண்ட குழாயாலோ ஊற்றலாம். ஃபில்லர் துளையின் விளிம்பில் ஆயில் வழியத் தொடங்கும்போது மட்டம் நிறைந்துவிட்டது; ஃபில்லர் பிளக்கையும் மூடிவிடுங்கள்.

பலர் தவறவிடும் ஓர் இடம் கியர் லீவரின் அடிப்பகுதி. அங்கே தனியாக ஒரு சிறு கிண்ணத்தில் ஏறத்தாழ 90 மில்லி ஆயில் இருக்கும். டிரெயின் பிளக்கைத் திறந்தாலும் அது வடியாது. கன்சோலைக் கழற்றி, லீவரை வெளியே எடுத்து, பழையதை சிரிஞ்சால் உறிஞ்சிவிட்டுப் புது ஆயிலை ஊற்றுங்கள். கீழ் ரப்பர் உறை கிழிந்திருந்தால் சூடும் சத்தமும் கேபினுக்குள் ஏறும். அதையும் லீவர் முனையிலுள்ள பிளாஸ்டிக் புஷ்ஷையும் அப்போதே மாற்றிவிடுங்கள். லீவரின் தளர்வு நீங்குவதற்கு இந்த வேலைதான் பெரும்பாலும் காரணம்.

சிறிது தூரம் ஓட்டிவந்து இரண்டு பிளக்குகளிலும் கசிவு உள்ளதா என்று பாருங்கள். ஆயில் நன்கு சூடேறிய பிறகும் இரண்டாம் கியர் கரகரத்தால் சின்க்ரோ வளையம் தேய்ந்திருக்கக்கூடும். வேறு ஆயில் தேடி அலைவதைவிட, கியர் பாக்ஸை இறக்கிப் பார்ப்பதே அப்போது சரியான வழி.