‘புட் ஆஃப்’: என் பழைய தவறுகள் உங்களுக்கு வேண்டாம்

அலுவலக ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். போன வாரம் பயிற்சிக் கடிதங்களைத் திருத்தும்போது, வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் எழுதிய அதே வாக்கியம் வேறொருவர் கையெழுத்தில் கிடந்தது. மனசு கேட்கவில்லை. ‘புட் ஆஃப்’ (put off, தள்ளிப்போடு) என்ற சொல்லில் வரும் தவறுகளை இங்கே சொல்கிறேன். எழுத்துப்பிழைகள் பழகப் பழகச் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

பிரித்துப் பொருள் தேடுவது

புட் என்றால் ‘வை’, ஆஃப் என்றால் ‘அணை’ என்று கூட்டிப் பார்த்தால் ஒன்றும் கிடைக்காது. நாம் ‘தள்ளிப்போடு’ என்கிறோம். அங்கே கையால் எதையும் தள்ளுவதும் இல்லை, கீழே போடுவதும் இல்லை. புட் ஆஃப் என்பதும் அதுவேதான்.

‘கால் ஆஃப்’ என்று எழுதிவிடுவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். கால் ஆஃப் (call off) என்றால் அடியோடு ரத்து. திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் இருந்தேன். இங்கிலாந்திலிருந்து பையர், அதாவது எங்கள் சரக்கை வாங்குபவர், வரவேண்டியிருந்தது. சாம்பிள் தயாராகவில்லை, ஒரு வாரம் தள்ளிப்போடச் சொன்னார் முதலாளி. ‘தி விசிட் இஸ் கால்டு ஆஃப்’ என்று மெயில் அனுப்பினேன். செய்தித்தாளில் ‘ஸ்டிரைக் கால்டு ஆஃப்’ என்று படித்த பழக்கம். வாபஸ் வாங்கிய போராட்டம் நம் ஊரில் அடுத்த மாதமே மறுபடி தொடங்கும் அல்லவா? அதனால் ‘ஒத்திவைப்பு’ என்றே மனதில் பதிந்திருந்தது. பையர் விமான டிக்கெட்டை ரத்து செய்துவிட்டார். மறுநாள் போனில் விளக்கியபோது அந்த நாட்களை வேறொரு நிறுவனத்துக்குக் கொடுத்திருந்தார். அந்த சீசன் ஆர்டர் போயே போனது.

அனுப்பும் முன் கடைசியில் ‘டில் மண்டே’ சேர்த்துப் பாருங்கள். ‘தி மீட்டிங் இஸ் புட் ஆஃப் டில் மண்டே’ சரியாக நிற்கும். கால்டு ஆஃப்புடன் அது ஒட்டாது. ரத்தான கூட்டத்துக்கு அடுத்த தேதி ஏது? புதிய தேதியை எப்போதும் எழுதுங்கள்.

‘இட்’ வரும் இடம்

புட் இட் ஆஃப். ‘புட் ஆஃப் இட்’ கிடையாது.

பின்னால் ‘டு’ போடுவது

புட் ஆஃப் கோயிங். ‘டு கோ’ வராது.

நடுவில் ஆள் வந்தால்

‘தி ஸ்மெல் புட் மீ ஆஃப்’ என்றால் அந்த வாடையில் சாப்பிடவே பிடிக்காமல் போயிற்று என்று பொருள். ‘ஐ வாஸ் புட் ஆஃப் பை தி டிலே’ என்று பையர் எழுதினால் அவர் தேதி மாற்றம் கேட்கவில்லை, நம்மேல் மனம் கசந்திருக்கிறார். மெயிலில் பதில் தட்டிக்கொண்டிருக்காமல் உடனே போனை எடுங்கள்.