ஒன்றியத்துப் பள்ளிகளை ஒப்பிடும்போது எங்கே சறுக்குகிறோம்?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாளே ஒன்றியத்தில் இருக்கிற அரசுப் பள்ளிகளையெல்லாம் எக்செல்லில் வரிசைப்படுத்தி யாராவது ஒரு தன்னார்வலர் வாட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறார். வருடாவருடம் இதே கூத்துதான், ஆரம்பத்தில் நாங்கள் பண்ணிய அதே கோளாறுகளோடு. கூட்டல் பிழை, பள்ளிப் பெயர் மாறிப்போவது எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். மற்றதைச் சொல்கிறேன்.

எத்தனை பேரில் எத்தனை பேர்?

இன்றைக்கும் எனக்கு எரிச்சலைக் கிளப்புவது இதுதான். தேர்ச்சி சதவீதம் என்பது தேர்வு எழுதியவர்களை மட்டும் வைத்துப் போடும் கணக்கு. ஒன்பதாம் வகுப்பில் 50 பேர் இருந்த ஒரு பள்ளி, தேறமாட்டார்கள் என்று தோன்றிய 10 பேரை டி.சி. கொடுத்தோ, ‘தனித்தேர்வரா எழுதிக்கப்பா’ என்று சொல்லியோ கழற்றிவிட்டு, மீதி 40 பேரும் பாஸாகிவிட்டால் நூற்றுக்கு நூறு. பக்கத்துப் பள்ளி தன்னுடைய 50 பேரையும் எழுத வைத்து 44 பேர் தேறினால் 88. முதல் பள்ளியில் கரை சேர்ந்தது 80 விழுக்காடுதானே? ஆனால் பட்டியலில் அதுதான் மேலே.

இப்படி சென்டம் காட்டிய ஒரு தலைமையாசிரியருக்கு மீளாய்வுக் கூட்டத்தில் சால்வை போர்த்தியதைப் பார்த்திருக்கிறேன். அவர் கழற்றிவிட்ட பிள்ளைகளில் சிலரைச் சேர்த்துக்கொண்ட பக்கத்து ஊர் எச்.எம்., அதே கூட்டத்தில் நின்றபடி திட்டு வாங்கினார், ரிசல்ட் ஏன் இறங்கியது என்று விளக்கமும் எழுதிக் கொடுத்தார். அந்தப் பிள்ளைகள் எங்கிருந்து வந்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அதனால் ஒன்பதாம் வகுப்புத் தொடக்கத்தில் எத்தனை பேர், பத்தாம் வகுப்பு நாமினல் ரோலில் (தேர்வு எழுதப் போகிறவர்களின் பெயர்ப் பட்டியலில்) எத்தனை பேர் என்று கேட்டு வாங்குங்கள். குறைந்தவர்களில் வேறு பள்ளிக்குப் போனது எத்தனை, எந்தப் பள்ளியும் எடுக்காமல் எமிஸில் (கல்வித் துறையின் மாணவர் விவரத் தளம்) காமன் பூலிலேயே, அதாவது ஒரு பள்ளியை விட்டு வந்து இன்னொன்றில் சேராதவர்கள் பட்டியலிலேயே, கிடப்பது எத்தனை என்றும் பாருங்கள். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். எச்.எம். முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

சின்னப் பள்ளி

12 பேர் எழுதுகிற பள்ளியில் ஒரே ஒரு பையன் கணக்கில் போனாலும் ரிசல்ட் 91.67. 200 பேர் எழுதுகிற இடத்தில் ஒருவன் போனால் 99.5. மூன்று நான்கு வருடத்தைச் சேர்த்துப் பாருங்கள். பழைய கணக்கை எடுத்தால் 2020, 2021 இரண்டையும் விட்டுவிடுங்கள், கொரோனாவால் பரீட்சையே இல்லாமல் எல்லோரும் பாஸ்.

மாதிரிப் பள்ளி

சேர்க்காதீர்கள். பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து எடுக்கிற இடம் அது.

ஏசர் அறிக்கை

பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதிக்கிற சர்வே அது, வீடு வீடாகப் போய் எடுப்பது. உங்கள் ஊர்ப் பள்ளியின் தரம் அதில் கிடைக்காது.

பாஸ் மட்டும் பார்ப்பது

35 வாங்கினாலும் பாஸ், 95 வாங்கினாலும் பாஸ். கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் சராசரியைத் தனியாக எடுங்கள். அப்புறம், கணக்கு ஆசிரியர் மாறுதலில் போய் எத்தனை மாதம் இடம் காலியாகக் கிடந்தது, பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர் வந்தது ஜூலையிலா டிசம்பரிலா என்று விசாரித்து, அந்த மாதத்தையும் மார்க்குக்குப் பக்கத்திலேயே ஒரு கட்டம் போட்டு எழுதிவிடுங்கள்.