குஞ்சம்மாவின் கூண்டை மாற்றிய கதை

எங்கள் வீட்டுக் காக்கட்டீல் (தலையில் கொண்டை வைத்த சின்னக் கிளி) குஞ்சம்மாவுக்கு 17 வயது. அந்த இனத்தில் இது நல்ல கிழப்பருவம். போன மார்கழியில் ஒரு ராத்திரி 'தொப்'பென்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், கூண்டின் தரையில் இறக்கையை விரித்துக் கிடக்கிறது. ஒரே வாரத்தில் 3 முறை இப்படி.

கால்நடை டாக்டர் அதன் காலைத் திருப்பிக் காட்டினார். உள்ளங்காலில் செதில் தேய்ந்து, பளபளவென்று சிவந்திருந்தது. அது உட்கார, கூண்டோடு வந்த வழவழப்பான உருட்டுக்கட்டைதான் காரணம். ஒரே பருமன் என்பதால் அழுத்தம் எப்போதும் ஒரே இடத்தில் விழுமாம். மூட்டுவலி வேறு.

கட்டையைத் தூக்கிப் போட்டேன். கொல்லைக் கொய்யாவில் ஒரு கோணல் கிளையை வெட்டி, கழுவிக் காயவைத்து, தரையிலிருந்து 4 அங்குல உயரத்தில் பொருத்தினேன். தூங்குவதற்கு மட்டும் ஒரு தட்டைப் பலகை; வயிறு படிய உட்காரலாம். கீழே மெத்தென்று இருக்கட்டும் என்று டர்க்கி டவல் விரித்தேன். நகம் நூலில் மாட்டிக்கொண்டது. சரி என்று பழைய வேட்டியை நாலாய் மடித்துப் போட்டு, மேலே செய்தித்தாள் விரித்தேன். தீனிக் கிண்ணம் கிளைக்குப் பக்கத்திலேயே. ராத்திரிக்கு ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு.

அப்புறம் விழவில்லை. ஆனால் உயரத்தைக் குறைத்த கோபமோ என்னவோ, 2 நாள் என்னைப் பார்த்துக் கொண்டையைத் தூக்கவே இல்லை.